ரயிலுக்கு முன்னே போட்ட பிளாட்பாரம்

ஆர்ட்லியில் முதலில் எழும்பியது ரயில்வே பிளாட்பாரம். சர்ச் அதற்கு அப்புறம். கிணறு அதற்கும் அப்புறம். தண்டவாளம் கடைசிவரைக்கும் வரவே இல்லை.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். போட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கனடாவின் புல்வெளியில், எந்தப் பக்கம் திரும்பினாலும் வானமும் புல்லும் தவிர ஒன்றும் கண்ணில் படாத இடத்தில், கேப்டன் லாட்டிமர் குதிரையை விட்டு இறங்கினார். பூட்ஸ் நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். "இங்கதான் ரயில் நிக்கும்" என்றார். இங்கிலாந்தில் அவர் குடும்பம் சொன்னால் ரயில் நிற்கும். பெரிய வீடு எங்கேயோ அங்கேதான் ஸ்டேஷன். அதே பழக்கத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. அங்கே வந்து தங்கிப்போகிற க்ரீ என்ற பூர்வகுடி ஜனங்கள் வைத்த பெயர். ஒருத்தரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. 'ஆர்ட்லி' என்று பலகை எழுதி நட்டார்கள்.

பலகை எழுதியதும் பிளாட்பாரம் போட்டதும் ரூபன் க்ரோல். கேப்டன் தன்னோடு கூட்டிவந்த தச்சன். மரமே இல்லாத நாட்டுக்குத் தூரத்து மலையிலிருந்து தேவதாருப் பலகை வரவழைத்து, இழைத்து, ஆணி தலை வெளியே தெரியாமல் அடித்து, ஓரத்தில் ஒரு பெஞ்சும் போட்டான். பனி விழுந்த ஒவ்வொரு காலையிலும் விளக்குமாற்றோடு போய் அதைப் பெருக்கிவிட்டு வருவான். ஒரு ரயிலும் வராத பிளாட்பாரத்தை.

அவன் பெண்டாட்டி கெஸியா. ஊருக்கே சலவை அவள்தான்.

ஊர் என்றால் எப்பேர்ப்பட்ட ஊர். சொத்தெல்லாம் மூத்தவனுக்கே போய்விட, பிரபுக்களின் இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகள் விவசாயம் பழக வந்தார்கள். கோதுமை முற்றி உதிர்கிற வாரத்தில் வெள்ளை உடுப்பு போட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். குதிரைப் பந்தயம் விட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கஞ்சி போட்ட சட்டை இல்லாமல் ஒருத்தன் உட்காரமாட்டான். இருபத்தாறு அறை வைத்துக் கேப்டன் கல்வீடு கட்டினார். மட்டைக்காரனுக்குக் கைதட்டிய கூட்டத்தில் ஒருத்தராவது அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருப்பார்களா? கிணற்றுத் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. குளிர்காலம் முழுக்கக் கெஸியா பனியை வாளி வாளியாக அள்ளி, செப்புக் கொப்பரையில் உருக்கி, அந்தத் தண்ணீரில் துவைத்தாள். கொடியில் போட்ட சட்டை உறைந்து விறைத்து ஆள் மாதிரி நிற்கும். அதை ஒடித்துவிடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரவேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வரும். வெள்ளைச் சட்டையில் அந்த ரத்தம் பட்டுவிடக்கூடாது.

ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டாகியிருந்தது. எந்தச் சந்தையில், எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும், கழுத்தைப் பார்த்தே "இவன் ஆர்ட்லிக்காரன்" என்பார்கள். 'ஆர்ட்லி காலர்.' கேப்டன் அதைத் தன் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். யார் பெருமை என்று கெஸியாவுக்குத் தெரியும்.

ரயில் தெற்கே போய்விட்டது. பத்து மைல் தள்ளி, கில்மோர் என்ற, யாரும் கேள்விப்படாத பொட்டலில் நின்றது. அங்கே பெரிய வீடு ஒன்றுகூட இல்லை.

அதற்கப்புறம் துரைமார் ஒவ்வொருவராக "ஊருக்குப் போறோம்" என்று கிளம்பினார்கள். ஆர்ட்லியில் 'ஊர்' என்றால் இங்கிலாந்து. எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் இது ஊர் இல்லை. சலவைத் துணியைத் திருப்பி வாங்க வந்த ஒரு அம்மாள் அப்படிச் சொன்னபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த கெஸியாவின் மகள் லெட்டி குறுக்கே கேட்டுவிட்டாள்: "அப்ப இது என்னங்கம்மா?" அந்த அம்மாள் துணியை எண்ண ஆரம்பித்தாள்.

ஊருக்குப் போக வழியில்லாதவர்கள் வீட்டோடு கில்மோருக்குப் போனார்கள். வீட்டோடு என்றால் வீட்டோடு. பலகை வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரண்டு நீள உத்திரம் கொடுத்து, குதிரைகளைப் பூட்டி, பனிமேல் இழுத்துக்கொண்டு போவது. டாக்டர் வீடு போனது. கடைக்காரர் வீடு போனது. கேப்டனின் கல்வீடு மட்டும் ஒரு அங்குலம்கூட அசையாது. இருபத்தாறு அறையை எந்தக் குதிரை இழுக்கும்? சின்ன வீடுகளுக்குத்தான் அந்த நாட்டில் கால் இருந்தது.

ரூபன் கட்டிய வீடு இரண்டே அறை.

மார்ச் பிறந்ததும் ஹால்வர் வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருக்கிற நார்வேக்காரன். குளிர்காலத்தில் வீடு இழுப்பதுதான் அவன் தொழில். வீட்டை உத்திரத்தின்மேல் ஏற்றி முடித்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கையும் உப்புக்கறியையும் வழித்துத் தின்றுகொண்டே சொன்னான்.

"வியாழக்கிழமை இழுத்துரலாம் வீட்டுக்காரம்மா. ஓடையில ஐஸ் இன்னும் கெட்டியா கெடக்கு. அடுப்ப மட்டும் அணைச்சிருங்க."

"ஏன் அணைக்கணும்?"

"வீடு ஆடும்ல. நெருப்பு சிந்துச்சுன்னா?"

"என் அடுப்பு சிந்தாது. இந்த நாட்டுக்கு வந்ததுலேருந்து குளிர்காலத்துல ஒரு நாள் அணைஞ்சதில்ல. போற வழியில அணைக்கச் சொல்றியா?"

"டாக்டர் வீடு போறப்ப கடிகாரமே விழுந்து ஒடஞ்சுபோச்சு."

"டாக்டர் பொண்டாட்டி எந்தச் சாமான எங்க வச்சிருக்கா? அவ வீட்டுத் துணிய நான் தொவச்சிருக்கேன். மேசை விரிப்புல இல்லாத சாப்பாடு அவ தட்டுல இருக்காது."

லெட்டிக்குப் புரையேறியது. ஹால்வர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். ரூபன் சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கேப்டன்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்றான்.

"எதுக்கு? வீடு யாருது?"

"வீடு நம்முது. ஊரு அவருது."

"அவரு ஊரு இங்கிலாந்துல இருக்கு. கேட்டுப் பாரு, அவரே சொல்லுவாரு."

"நீ பேசுவ. உனக்கு ஒரு வீடுதான் போகுது. நான் இந்த ஊர்ல ஒவ்வொரு கதவும் போட்டவன்."

"கதவு போட்ட. உள்ள கூப்டாங்களா?"

ரூபன் எழுந்து போய்விட்டான். எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும். விளக்குமாறு கதவோரத்தில் இல்லை.

கேட்கப் போகவேண்டிய அவசியம் வரவில்லை. புதன்கிழமை கேப்டனே வந்தார். உத்திரத்தின்மேல் உயர்ந்து நின்ற வீட்டுக்கு ரூபன் போட்டிருந்த தற்காலிகப் படியில் ஏறி, சமையலறைக் கதவைத் தட்டினார். அந்தக் கதவில் அவர் கை பட்டது அதுதான் முதல் தடவை.

"மிசஸ் க்ரோல், உள்ள வரலாமா?"

இத்தனை வருஷமும் அவள் அவருக்கு 'கெஸியா'தான். இன்றைக்கு மிசஸ் க்ரோல். ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி. காலர் மட்டும் கத்தி மாதிரி நின்றது.

"வெள்ளிக்கிழமை ரயில்வே அதிகாரி ஒருத்தர் வர்றார்" என்றார். "கில்மோர்லேருந்து இங்க ஒரு கிளைப்பாதை போடலாமான்னு பாக்கறதுக்கு. ஊர் உயிரோட இருக்கான்னு பாப்பார். தூரத்துலேருந்தே பொகைய வச்சு எண்ணுவாங்க. எத்தன வீட்டுல பொகை வருதுன்னு."

"காலி வீட்டுல பொகை வருமா ஐயா?"

கேப்டன் முகம் சிவந்தது. "அடுப்பு மூட்ட ஆள் வச்சிருக்கேன்."

ஆளில்லாத வீடுகளில் விறகை எரித்து, ஊர் மாதிரி ஒரு ஊர். இதைச் செய்ய இவர்களால்தான் முடியும் என்று கெஸியா நினைத்துக்கொண்டாள்.

"பொகை மட்டும் பத்தாது" என்றார் அவர். "ஒரு வீடாவது வீடு மாதிரி இருக்கணும். ஜன்னல்ல திரை. கொடியில வெள்ளைச் சட்ட. பாத்த ஒடனே தெரியணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

அவள் நெஞ்சில் ஏதோ நிமிர்ந்தது. கோபமா பெருமையா என்று பிரிக்க முடியாத ஒன்று. சர்ச்சும் கல்வீடும் பந்தயமும் போய், கடைசியில் ஆர்ட்லி மொத்தமும் அவள் துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க அவர் பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்.

"அதுவரைக்கும் ஐஸ் தாங்குமா ஐயா? தாங்கலன்னா அடுத்த குளிர்காலம் வரைக்கும் வீடு நகராது. துவைக்கத் துணி இல்லாத ஊர்ல நாங்க என்னத்தத் திங்கறது?"

"தாங்கும்." மண்ணில் கோடு கிழித்த அதே குரல்.

"ரயில் நிக்கும்னும் இப்படித்தான் சொன்னீங்க. இந்த நாட்டுக்கு நீங்க யாருன்னு தெரியாது ஐயா. யாரும் சொல்லிக் குடுக்கல."

"கெஸி" என்றான் ரூபன், கதவோரத்திலிருந்து.

கேப்டன் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். தன் பூட்ஸிலிருந்து உருகி வழிகிற பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீடும் போனா ஊர் இல்லாமப் போயிடும், மிசஸ் க்ரோல்."

"நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. உங்க வீட்டம்மா பெட்டி கட்டியாச்சுன்னு கேள்விப்பட்டேன். நாங்க எந்த ஊருக்குப் போறது?"

அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, தன் வீட்டு வெள்ளைச் சட்டைகள் அடுப்புக்கு மேலே காய்வதை ஒரு தரம் பார்த்தார். போய்விட்டார்.

ரூபன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ரெண்டு நாள்தான் கேட்டாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் மாவு பிசைந்தாள். பிசைந்த வேகத்தில் மேசை நகர்ந்தது.

பதிலைக் காற்று சொன்னது. வியாழன் விடியும்போது தெற்கிலிருந்து இளஞ்சூடாக வீசிக்கொண்டிருந்தது. கூரையில் தொங்கிய பனிக்குச்சிகள் சொட்டின. ஹால்வர் குதிரைகளோடு வந்து, வீட்டுக்குள்கூட நுழையாமல் நேராக ஓடைக்குப் போய், இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நடுவுல தாங்கும். கரையோரந்தான் மெலிஞ்சுபோச்சு. எறங்கற எடத்துலயே வாய் பொளந்துரும்."

"அப்ப?" என்றாள் கெஸியா.

"நீளப் பலகை, கெட்டிப் பலகை, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு விரிச்சா பாரம் பரவும். இன்னைக்கே இழுத்துரலாம். நாளைக்குன்னா நான் என் குதிரைகள எறக்கமாட்டேன்." சுற்றிலும் கை காட்டினான். "பலகைக்கு இங்க எங்க போறது? ஒரு மரம் இருக்கா இந்த நாட்டுல?"

ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்காமல் எல்லாரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். கெஸியாவுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அதை மட்டும் அவளாகக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரூபன் வீட்டைப் பார்த்தான். ஜன்னலில் லெட்டி நின்றுகொண்டிருந்தாள். அவன் போய்க் கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

அவள் டீ போட்டு வாளியில் ஊற்றிக்கொண்டு போனபோது பாதிப் பிளாட்பாரம் பெயர்ந்திருந்தது. ஹால்வரும் அவன் ஆட்களும் பலகைகளைச் சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரூபன் ஆணி ஆணியாக நெம்பினான். எந்த ஆணி எந்தப் பக்கம் வளைந்து கொடுக்கும் என்று தேடாமல் கை போனது. அடித்த கையாயிற்றே. ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை.

கேப்டன் குதிரையில் வந்தார். இறங்கி நின்றார். ரூபன் நிமிரவில்லை; நெம்புவதை நிறுத்தவும் இல்லை.

"ரூபன், அது பிளாட்பாரம்."

"ஆமாங்கய்யா. நாந்தான் போட்டேன்."

"நாளைக்கு அந்த ஆள் வந்து பாத்தா—"

"ரயிலுக்குன்னு போட்டேன். ரயில் வரல. ஒரு தடவையாவது இதால ஏதாவது ஒண்ணு ஊர் போய்ச் சேரட்டுங்கய்யா."

ரூபன் கேப்டனிடம் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி கெஸியா கேட்டதில்லை. அவளுக்குக் கண் கரித்தது. காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

பிடுங்காதே என்று கேப்டன் சொல்லியிருக்கலாம். பலகைக்கு விலை கொடுத்தவர் அவர். சொல்லவில்லை. கடைசியில், "பெஞ்ச மட்டும் விட்டுரு" என்றார்.

ரூபனும் ஹால்வரும் பெஞ்சைத் தூக்கித் தரையில் வைத்தார்கள். ரூபன் அதன்மேல் கிடந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்தான். கேப்டன் உட்கார்ந்தார். கெஸியா ஒரு குவளை டீயை அவர் கையில் கொடுத்தாள். தன் வீட்டுத் தகரக் குவளைதான். அவர் குடித்தார்.

"கில்மோர்ல சலவைக்கு நல்ல தண்ணி இருக்கா?" என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான்.

"தெரியாது ஐயா. பனி அங்கயும் விழும்."

மத்தியானத்துக்குள் பலகைகள் ஓடையின்மேல் கிடந்தன. கரையிலிருந்து பார்த்தால் பிளாட்பாரத்தை யாரோ தண்ணீரில் படுக்க வைத்தது போலிருந்தது.

"உள்ள யாரும் இருக்கக்கூடாது" என்றான் ஹால்வர்.

"நான் இருப்பேன். அடுப்புல நெருப்பு இருக்கு. ரொட்டி மாவு பொங்குது."

"வீட்டுக்காரம்மா, ஒடஞ்சா வீட்டோட உள்ள போயிருவீங்க."

"யார் வீட்டோட? என் வீட்டோடதான?"

ஹால்வர் ரூபனைப் பார்த்தான், நீயாவது சொல்லேன் என்பது போல. ரூபன் குதிரையின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி, "அவ உள்ள இருந்தாத்தான் வீடு நேரா நிக்கும்" என்றான். "இழு."

லெட்டியைக் கரையில் நிறுத்திவிட்டார்கள். வீடு முனகிக்கொண்டு நகர்ந்தது. சரிவில் முன்பக்கம் தாழ்ந்தபோது சுவரிலிருந்த கரண்டிகளெல்லாம் ஒரே திசையில் சாய்ந்தன. மாவுத் தட்டு சறுக்கிக்கொண்டு வந்தது. இடுப்பால் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். ஒரு கை அடுப்புக் கதவின் கொக்கியில். காலுக்கு அடியில், தரைக்கு அடியில், ரூபனின் பலகைகள் கறகறவென்று பேசின. அதற்கும் அடியில் ஐஸ் வெடிக்கிற சத்தம், துப்பாக்கி மாதிரி. ஜன்னலுக்கு வெளியே பலகை இடுக்குகளில் தண்ணீர் பீறிட்டு வந்தது. ஹால்வர் தன் பாஷையில் குதிரைகளைத் திட்டினான், கெஞ்சினான், மறுபடியும் திட்டினான். அவள் ஜெபம் செய்யவில்லை. "தாங்கு" என்றாள். ஐஸிடம் இல்லை. பலகைகளிடம்.

கரண்டிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. வீடு ஏறிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வீடு ஹால்வரின் பண்ணையில் நின்றது. மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன், கெஸியா வாசல் தூணிலிருந்து ஜன்னல் மூலைக்கு ஒரு கொடி கட்டினாள். கேப்டன் வீட்டுக் கடைசிச் சலவை அவளிடம்தான் இருந்தது. மறுபடியும் அலசி, நீலம் போட்டு, சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டாள்.

"யாரு பாக்கப்போறாங்கம்மா?" என்றாள் லெட்டி.

"பாக்கறவங்க பாப்பாங்க."

விடிகாலைக் குளிரில் சட்டைகள் விறைத்துக் கை நீட்டிக்கொண்டு நின்றன. சுத்தமான வெள்ளை. பனி அதற்குப் பக்கத்தில் அழுக்காகத் தெரிந்தது.

கில்மோர் பாதையில் எதிரே ஒரு சறுக்கு வண்டி வந்தது. ஒற்றைக் குதிரை, நல்ல கம்பளிக் கோட்டு போட்ட ஒரு ஆள். எதிரே ஒரு வீடு வருவதைப் பார்த்து அவர் குதிரை மிரண்டு நின்றது. புகைபோக்கியில் புகை. ஜன்னலில் திரை. கொடியில் வெள்ளைச் சட்டைகள். உள்ளேயிருந்து ரொட்டி வேகிற மணம். கேப்டன் கேட்டதெல்லாம் இருந்தது, ஒன்றுகூடக் குறையாமல்.

"ஏம்மா, இந்தப் பாதையில போனா ஆர்ட்லி வருமா?"

கெஸியா வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் மாவு.

"வந்துக்கிட்டுதான இருக்கு."

"ஊர் எங்கன்னு கேட்டேன்."

"இதுதான் ஊர்" என்றாள். குதிரைகளின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ரூபன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "மிச்சம் பின்னாடி ஒரு பெஞ்சுல ஒக்காந்திருக்கும். காலர் போட்டிருப்பாரு. அந்தக் காலர நல்லாப் பாத்துட்டு, அப்புறம் எழுதிக்குங்க அது எப்பேர்ப்பட்ட ஊருன்னு. அவருகிட்டப் பேசறப்ப தொப்பியக் கழட்டிட்டுப் பேசுங்க."

அந்த ஆள், கை தானாகப் போய், தொப்பியை அங்கேயே கழற்றிவிட்டார்.

"இப்ப வழி விடுங்க" என்றாள் கெஸியா. "ரொட்டி வெந்துக்கிட்டு இருக்கு. வீட்ட நிறுத்த முடியாது."

வண்டி பாதையை விட்டு இறங்கியது. குதிரைக்கு வயிறு வரைக்கும் பனி. ரயில்வேக்காரர் தலையில் காற்றுபட அங்கேயே நின்றார். ஆர்ட்லி அவரைத் தாண்டிப் போனது.